பின்னாடி அக்காவின் பஸ்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி வெளியே வந்துவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீரங்கம் வரை நின்றபடியே. சுடிதார் காலெல்லாம் சேறு.

இன்று செய்தவை: பத்தொன்பது சிலேட் துடைத்தேன். தண்ணீர் டிரம் நிரப்பினேன். யாழினி வாந்தி, கழுவிவிட்டேன். இரண்டு பேருக்கு டிராயர் மாற்றினேன். பாடினேன்.

கடைசியில் எழுதியது என் வேலை இல்லை. லலிதா மிஸ்ஸின் வேலை. இந்த நர்சரி ஸ்கூலில் யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் அ, ஆ பாடிக் கொடுக்கிறார். தீபாவளி லீவில் குரல் போய்விட்டது. குரல் வருகிற இடத்தில் சின்னச் சின்ன முடிச்சாம். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்கூலில் யாரிடமும் மிஸ் இதைச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சிலேட்டில் எழுதிக் காட்டினார். மற்றவர்கள் கேட்டால் தொண்டைக்கட்டு என்று கையால் காட்டுவார்.

காரணம் எனக்குத் தெரியும். போன வருஷம் எல்.கே.ஜி. மிஸ் கால் உடைந்து ஒரு மாதம் வரவில்லை. திரும்பி வந்த அன்று அவர் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் போய்விட்டது. இன்னும் நான்கு.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். அம்மாவுக்கு இடுப்பு வலி, கடைக்கு லேட். மலைக்கோட்டை வாசல் ஜவுளிக்கடையில் அம்மாவுக்குச் சேலை மடிக்கிற வேலை. வாடிக்கையாளர் பிரித்துப் போட்டுவிட்டுப் போவதை எல்லாம் திரும்ப மடிக்க வேண்டும். நாள் முழுக்க. நான் துடைப்பதும் அவர் மடிப்பதும் மறுநாள் காலையில் பழையபடியே கிடக்கும்.

எங்கள் ஏற்பாடு இப்படி. வகுப்பு ஒரு நீளமான கூடம். முன்சுவரில் எழுத்து அட்டவணை. மிஸ் அதன் பக்கம் திரும்பி நின்று குச்சியால் ஒவ்வோர் எழுத்தாகத் தொடுவார். கடைசியில் பைகள் வைக்கிற மர அலமாரி. அதன் பின்னால் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்து பாடுவேன். என்னை யாரும் பார்க்க முடியாது. அதனால்தான் என்னால் பாட முடிகிறது. யாராவது பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பெரியவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

மிஸ்ஸின் பழைய மெட்டு எனக்கு எட்டவில்லை, ரொம்ப மேலே போகிறது. முதல் நாள் பயத்தில் வாயில் வந்தது பஸ் கண்டக்டர் மெட்டு. சத்திரம், மாம்பழச்சாலை, திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் என்று அவர்கள் மூச்சுவிடாமல் இழுப்பார்களே, அதே இழுப்பில் அ, ஆ, இ, ஈ. பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சாப்பிடும்போதும் அதுதான்.

வருகைப் பதிவில் என் பெயருக்கு எதிரே ஆயா என்று இருக்கிறது. எனக்குப் பதினேழு. பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடுவதில்லை. யாழினி வைத்த பெயர்: பின்னாடி அக்கா.

நவம்பர் 12, புதன்

பாட்டுத் தெரிகிறது. எழுத்துத் தெரியவில்லை.

மத்தியானம் மிஸ் அட்டவணையில் 'ஒ'வைத் தொட்டுவிட்டுக் கவினைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கவின் யோசித்தான். அப்புறம் முதலில் இருந்து முணுமுணுவென்று பாட ஆரம்பித்தான். விரலால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு பத்தாவது இடத்துக்கு வந்து, "ஒ" என்றான். அடுத்து யாழினி. அவளும் அப்படியே. பத்தொன்பது பேரும் அப்படியே. அ-வில் ஏறினால்தான் ஒ-வுக்கு வரத் தெரிகிறது. நடுவில் எங்கும் ஏறவும் தெரியவில்லை, இறங்கவும் தெரியவில்லை.

மிஸ் சிலேட்டில்: தீபாவளிக்குப் பிறகுதானே எழுத்து ஆரம்பிக்கிறோம், இரண்டு வாரத்தில் எல்லா வருஷமும் இப்படித்தான். அப்புறம் சரியாகும்.

அதை அழித்துவிட்டு: வெள்ளி மேடம் வருகிறார்.

மேடம் என்றால் ஸ்கூலின் கரஸ்பாண்டென்ட். குழந்தைகள் தினத்துக்கு மிட்டாய் கொடுக்க வருவார். வந்தால் பாடச் சொல்லிக் கேட்காமல் போகமாட்டார்.

நவம்பர் 13, வியாழன்

பிள்ளைகள் போனபின் காலிக் கூடத்தில் ஒத்திகை. நான் அலமாரிக்குப் பின்னால். மிஸ் முன்னால், வாயை மட்டும் அசைத்து. மூன்று தடவை. மூன்றாவது தடவை மிஸ் வாசல் வரை போய் நின்று கேட்டுவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினார். நாளை பக்கத்து அறை எல்.கே.ஜி. சத்தத்தில் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது என்று எழுதினார்.

நாளைக்கு:
தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, இருமல் வரும்.
வெந்நீர் ஃபிளாஸ்க்.
ஸ்டூல் கிரீச்சிடுகிறது, காலுக்கடியில் துணி.
மேடம் அலமாரிப் பக்கம் வந்தால் பை அடுக்குவது போல நிற்க வேண்டும்.

பஸ்ஸில் பழைய ஸ்கூல் யூனிஃபார்மில் இரண்டு பேர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். மூன்று மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். திரும்ப ஸ்கூலுக்குப் போன அன்று சார் என்னை எழுந்து நிற்கவைத்து, மூன்று மாதம் எங்கே போனாய், என்ன விஷயம் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றேன். என்ன ஆபரேஷன் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பையன்கள் முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்றார். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும். அம்மா கேட்டபோது, பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன் என்றேன்.

எழுதும்போதுகூடக் கை நிற்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

எங்கே தப்பு செய்தோம் என்று இப்போது தெரிகிறது. காலிக் கூடத்தில் ஒத்திகை பார்த்தோம்.

மேடம் மிட்டாய் கொடுத்தார். அட்டவணை பக்கத்தில் நாற்காலி போட்டுப் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்தார். பாடச் சொன்னார். மிஸ் குச்சியைத் தூக்கினார், நான் ஆரம்பித்தேன். இதெல்லாம் சத்தத்தை வைத்து நான் தெரிந்துகொண்டது. இரண்டாவது தடவை பாடும்போது மேடத்தின் குரல் கேட்டது.

"எல்லாரும் எங்க பாக்குறீங்க? அங்க என்ன இருக்கு?"

பத்தொன்பது பேரும் திரும்பி அலமாரியைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இத்தனை நாளும் அப்படித்தான் இருந்திருக்கும். மிஸ்ஸின் முகம் அட்டவணைப் பக்கம். எனக்கு முன்னால் அலமாரி. இருவருமே பார்த்ததில்லை. பாட்டு எங்கிருந்து வருகிறதோ அங்கேதானே பிள்ளைகள் பார்ப்பார்கள்.

"பின்னாடி அக்கா," என்றாள் யாழினி.

மேடம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பை அடுக்குவது போல நிற்க மறந்துபோனேன்.

"நீயா பாடுற? மிஸ் ஏன் பாடல?"

எழுந்து நின்றேன். பதில் தெரியும். நாலு வார்த்தைதான். மிஸ் முன்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் பேச முடியாது. என்னால் முடியும். முடியவில்லை. தரையில் சிவப்பு சிமென்ட், ஒரு விரிசல், அதில் பல்பத் துண்டு.

மேடம் ரொம்ப நேரம் காத்திருக்கவில்லை. மிஸ் பக்கம் திரும்பினார். மிஸ் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"தொண்டைக்கட்டுன்னா வகுப்ப ஆயாகிட்ட விட்டுட்டு நீங்க குச்சி பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களா?"

பிறகு குச்சியைத் தானே வாங்கி 'ஏ'வைத் தொட்டு அஸ்லமைக் கேட்டார். அஸ்லம் அ-விலிருந்து பாட ஆரம்பித்தான். ஊ வரைக்கும் கேட்டுவிட்டு நிறுத்தினார். இருபத்தெட்டாம் தேதி திரும்ப வருவாராம். எழுத்தைக் கலைத்துப் போட்டுக் கேட்பாராம். சொல்லவில்லை என்றால் அவருடைய நாத்தனார் மகள் டிரெய்னிங் முடித்து வீட்டில் சும்மா இருக்கிறாள், டிசம்பரிலிருந்து யு.கே.ஜி.க்கு அவள். எல்லாவற்றையும் சாதாரணமாகத்தான் சொன்னார். கோபம்கூட இல்லை.

எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார். இன்னும் பையில் இருக்கிறது.

நவம்பர் 15, சனி

அரை நாள். வெயில் வந்தது, நேற்று நனைந்த தலையணை உறை காய்ந்தது.

பிள்ளைகள் போனதும் மிஸ் சிலேட்டை எடுத்தார்.

நீ சொல்லியிருக்கலாம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே: நானும் எழுதியிருக்கலாம். இரண்டையும் அழித்தார். வீட்டில் உட்கார்ந்தால் செத்துப்போவேன் என்று எழுதி, நான் முழுக்கப் படிப்பதற்குள் கையாலேயே தேய்த்தார்.

மிஸ்ஸின் விரல் எல்லாம் வெள்ளை. மேடம் வீட்டுக்குப் போய் இப்போது சொல்லிவிடவா என்று கேட்டேன். தலையாட்டி வேண்டாம் என்றார். பிறகு எழுதினார்: இப்போது சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். முதலில் எழுத்து.

பதின்மூன்று எழுத்து. பதின்மூன்று நாள். ஞாயிறு போகப் பதினொன்று.

நவம்பர் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். அம்மாவுக்கு முதுகில் தைலம். அப்பா லோடு ஆட்டோவுக்கு டயர் மாற்றிக்கொண்டு வாசலிலேயே.

ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானம் படுத்துக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தானே. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் புதிதாக ஏறியபோது மாம்பழச்சாலை எது என்று எனக்குத் தெரியாது. ஓயாமாரி ஸ்டாப்புக்குப் பிறகா காவிரிப் பாலத்துக்குப் பிறகா என்று எண்ணிக்கொண்டே வருவேன். எப்போது தெரிந்தது? ஒருநாள் அங்கே இறங்க வேண்டி வந்தபோது.

பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும்.

அம்மாவிடம் கடையிலிருந்து சேலைக்குள் வைக்கிற அட்டை கொஞ்சம் கேட்டேன். எதுக்குடி என்றார். டிக்கெட்டுக்கு என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை, தூங்கிவிட்டார்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை முதல் தேதி. பஸ் முழுக்க மாலை போட்ட சாமிகள், கறுப்பு வேட்டி. அம்மா மண்டபம் பக்கம் டிராஃபிக், பத்து நிமிஷம் லேட்.

பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டேன். நடுவில் வழி. முன்னால் மிஸ்ஸுக்கு நாற்காலி, ஸ்டியரிங்காகக் கையில் எவர்சில்வர் தட்டு. டிரைவர். ஆளுக்கொரு அட்டை, அட்டையில் ஓர் எழுத்து. டிக்கெட். ஸ்டாப் பெயர் சொன்னால் அந்த டிக்கெட் வைத்திருப்பவர்கள் இறங்க வேண்டும்.

நான் அலமாரிக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். அஸ்லம் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அத்தா பஸ் டிரைவர், இவனுக்கு எல்லாச் சட்டமும் தெரியும்.

"கண்டக்டர் பின்படியிலதான் நிக்கணும் அக்கா. ஆனா மறைஞ்சு நிக்கக் கூடாது. டிக்கெட் யாரு பாக்குறது?"

வெளியே வந்தேன். பிள்ளைகள்தானே. ஒன்றும் ஆகவில்லை.

யாழினி மிஸ்ஸிடம் ஓடி என்னவோ கேட்கப் போனாள். அஸ்லம் அவள் பின்னலைப் பிடித்து இழுத்து, டிரைவரிடம் பேசக் கூடாது, பஸ்ஸில் எழுதிப் போட்டிருக்கும் என்றான். மிஸ்ஸின் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரிக்கிறார் என்று பிறகு புரிந்தது. மூன்று வாரமாக மிஸ் ஏன் பேசவில்லை என்று நச்சரித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று மத்தியானத்திலிருந்து கேட்கவில்லை. டிரைவர் என்றால் பேசமாட்டார். அவ்வளவுதான் அவர்களுக்கு.

ஆனால் எழுத்து? 'ஈ' என்று கூப்பிட்டேன். பத்தொன்பது பேரும் உள்ளுக்குள் அ-விலிருந்து பாடுகிறார்கள். உதடு அசைகிறது.

நவம்பர் 18, செவ்வாய்

வெறும் எழுத்துப் போதவில்லை. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு வரி கட்டினேன், பஸ்ஸில் வரும்போதே.

அ, அவசரப்படாதே
ஆ, ஆளுக்கொரு சீட்டு
இ, இடிக்காம நில்லு
ஈ, ஈரக்குடைய மடக்கு
உ, உள்ள போங்க உள்ள போங்க
ஊ, ஊதுறேன் விசில
எ, எங்க இறங்கணும்
ஏ, ஏணிப்படி பின்னால
ஐ, ஐயா கொஞ்சம் தள்ளுங்க
ஒ, ஒத்தக்கால்ல நிக்காத
ஓ, ஓரமா போ ஓரமா போ

ஔ-வுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மிஸ் எழுதிக் கொடுத்தார்: ஔடதம். மருந்து என்று அர்த்தமாம். கைப்பையிலிருந்து தன் மருந்துப் பாட்டிலை எடுத்துத் தூக்கிக் காட்டினார். ஔ, ஔடதம் குடிக்கணும். ஃ-க்கு மூணு புள்ளி, வண்டி நின்னாச்சு.

எழுத்து வரும்போது அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஈ என்றால் குடை மடக்க வேண்டும். ஒ என்றால் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், ஏனென்றால் நிற்காதே என்று சொன்னால் நிற்கத்தான் செய்கிறார்கள். கவின் விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு. அவன் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்தது. மிஸ் பக்கத்தில் புன்சிரிப்போடு. கவின் கீழே விழுந்துட்டான்ங்க என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். மூன்று வார்த்தை வந்துவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

தொண்டை வலி. உப்புத் தண்ணீர். கால் வலி. கண்டக்டர்களுக்கு எப்படித்தான் தாங்குகிறதோ.

மிஸ்ஸின் யோசனை: வண்டியை தினமும் ஒரே இடத்திலிருந்து எடுக்காதே. இன்று ஒ-விலிருந்து புறப்பட்டோம். ஒரே கலவரம். யாழினி அழுதாள், அ இல்லாமல் பஸ் எப்படிப் போகும் என்று.

பாடாமல் பார்த்ததும் சொல்கிறவை: அ, ஆ, இ, ஈ, உ, ஃ.
எண்ணி வந்து சொல்கிறவை: மீதி.

ஐ மட்டும் யாருக்கும் நிற்கவில்லை.

நவம்பர் 22, சனி

கடைவீதியில் அம்மாவோடு. கூட்டத்தில் நடக்க முடியவில்லை. ஒரு பொம்மைக் கடையில் விசில், சிவப்புக் கயிறு கட்டியது. பார்த்துக்கொண்டே நின்றேன். வாங்கிக்கோடி, டிக்கெட் அடிக்கிறவளுக்கு விசில் இல்லாமலா என்றார் அம்மா. நான் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

இரண்டு விசில் என்றால் புறப்படு, ஒன்று என்றால் நில். அஸ்லம் சொல்லிக் கொடுத்தான். சரியாக ஊதாவிட்டால் திட்டுகிறான்.

எ, ஏ வந்துவிட்டது. பத்துப் பேருக்காவது.

தூங்கி வழிகிறேன். இதற்குமேல் எழுத முடியவில்லை.

நவம்பர் 26, புதன்

நேற்றும் இன்றும் மழை லீவு. வீட்டுக்குள் மூன்று இடத்தில் ஒழுகுகிறது, மூன்று பாத்திரம். இரண்டு நாள் போய்விட்டது. இருந்ததே நான்கு நாள்.

மிஸ்ஸிடமிருந்து போனில் மெசேஜ்: பயப்படாதே.
அரை மணி கழித்து: எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

நான் என்ன எழுதுவது என்று தெரியாமல் விசிலைப் படம் எடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 27, வியாழன்

லீவில் பாதி மறந்துவிட்டார்கள். கவின் 'உ'வுக்கே அ-விலிருந்து வந்தான். காலையில் நான்கு நடை, மத்தியானம் மூன்று நடை. கடைசி நடையில் ஒன்பது எழுத்து வந்தது. மிஸ் தட்டை மடியில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 28, வெள்ளி

வரிசையாக எழுதிவைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

மேடம் பத்து மணிக்கு வந்தார். அட்டவணை பக்கம் நாற்காலி போடப்போனார். அங்கே டிரைவர். யாழினி மேடத்தைக் கைபிடித்துக் கூட்டிவந்து ஜன்னல் சீட்டில் உட்காரவைத்து டிக்கெட் கொடுத்தாள். ஐ. மேடம் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

நான் பின்னால். அலமாரிக்கு முன்னால். உள்ளங்கை ஈரம், விசில் வழுக்கியது. இரண்டு விசில். போலாம் ரைட் என்றேன். எலிக் குரல்தான், ஆனால் வந்தது.

மேடம் எங்களிடமிருந்து எழுத்து அட்டைகளை வாங்கித் தன் இஷ்டத்துக்கு எடுத்துக் காட்டினார். ஓ. யாழினி பார்த்ததும் சொன்னாள். இ. ஃ. எ, அஸ்லம் சொன்னான். ஆ. ஔ காட்டியதும் நாலைந்து பேர் மருந்து குடிக்கிற மாதிரி தலையை அண்ணாந்தார்கள். கவினுக்கு ஒ வந்தது. கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தான். உதடு அசையவில்லை. பெஞ்சிலிருந்து இறங்கி ஒற்றைக்காலில் நின்றான். விழவில்லை.

தவறியது இரண்டு. ஊ. அப்புறம் ஐ. மேடம் கையிலேயே இருந்த டிக்கெட், யாருக்கும் தெரியவில்லை.

மேடம் அட்டைகளை அடுக்கினார். பதினொன்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மிஸ்ஸைப் பார்த்து, தொண்டை இன்னுமா சரியாகவில்லை, ரெண்டு வாரமாச்சே, ஏன் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறீர்கள் என்றார்.

"டிரைவர்ட்ட பேசக் கூடாது மேடம்," என்றான் அஸ்லம்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. என்ன இவங்களுக்கு?"

மிஸ்ஸைப் பார்த்தேன். லேசாகத் தலையசைத்தார். தரையில் அதே விரிசல். இந்தத் தடவை அதைப் பார்க்கவில்லை, மேடத்தின் கையிலிருந்த ஐ-யைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மிஸ்ஸுக்குக் குரல்ல முடிச்சு மேடம். பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. ஆறு வாரம். இன்னும் பத்து நாள் இருக்கு. சொன்னா அனுப்பிடுவீங்கன்னு சொல்லல. அன்னிக்கு நீங்க கேட்டப்பயே நான் சொல்லிருக்கணும். வாய் வரல."

இவ்வளவு நீளமாக ஒரு பெரியவரிடம் நான் பேசியதில்லை. மிஸ் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

எத்தனாவது வரைக்கும் படித்தாய் என்றார் மேடம். ஒன்பதாவது என்றேன்.

"ஏன் நிறுத்தின?"

அதே கேள்வி. பத்தொன்பது பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு எங்கே பார்ப்பார்கள்.

"அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. நான்தான் பாத்துக்கிட்டேன்."

"எனக்கும் எடுத்தாச்சு, எட்டு வருஷம் ஆகுது," என்றார் மேடம். "அம்மா இப்ப நல்லா இருக்காங்களா? வெயிட் தூக்க விடாத."

அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. யாழினி, கர்ப்பப்பை எந்த ஸ்டாப் அக்கா என்று கேட்டாள். மேடம் எழுந்தார். லலிதா மிஸ்ஸே இருக்கட்டும், குரல் வருகிறவரைக்கும் நீ பேசு என்றார். நாத்தனாரிடம் என்ன சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, கையிலிருந்த டிக்கெட்டை யாழினியிடம் கொடுத்தார்.

"இது ஐ. அடுத்த தடவ வரப்ப கேப்பேன்."

அவர் போனபின் மிஸ் சிலேட்டை எடுத்தார். எழுதாமல் திரும்ப வைத்துவிட்டார்.

வீட்டில் அம்மா சோறு போடும்போது நடந்ததைச் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னதையும். ஒன்பதாவதில் சொல்ல முடியாமல் நின்றதையும். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அதுக்காகவா நின்ன? எனக்குச் செய்யறதுக்காக நின்னுட்டன்னு இத்தன நாளு நெனச்சிக்கிட்டிருக்கேன்டி."

பிறகு ரசம் ஊற்றினார். எனக்கு, தனக்கு. தட்டுக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது.

டிசம்பர் 8, திங்கள்

மூடுபனி மாதிரி தூறல். குடைக்குக் கம்பி மாற்றியாகிவிட்டது. செய்தவை: சிலேட் பத்தொன்பது, தண்ணீர், ஒரு டிராயர்.

ஆறு வாரம் முடிந்தது. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பேசலாம் என்று டாக்டர் சொன்னாராம். பாடுவது இனிமேல் கஷ்டம் என்றாராம். அதை மிஸ் வாயால் சொல்லவில்லை, சிலேட்டில்தான் எழுதினார்.

காலையில் கூடத்துக்குள் வந்து எல்லாரையும் பார்த்து, "வணக்கம் பிள்ளைங்களா," என்றார். மணல் கொட்டுகிற மாதிரி ஒரு குரல். எனக்கே புதிதாக இருந்தது. அஸ்லம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, டிரைவர் பேசுறாங்க, ஆக்சிடென்ட் ஆகும் என்றான்.

மிஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டார். போய் நாற்காலியில் உட்கார்ந்து தட்டை எடுத்தார். திருப்பவில்லை. என் பக்கம் முதுகு. காத்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தொண்டை கரகரப்பு. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. இன்னும் ஐ-யும் ஊ-வும் பாக்கி, அதற்குப் பிறகு க, ங, ச என்று பதினெட்டு ஸ்டாப். பத்தொன்பது தலை திரும்பியது.

இரண்டு விசில்.